நம்பர்க்காவின் கோப்பு

அரசாங்கம் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. வயது ஐம்பத்தொன்று. மனப்பதற்றத்துக்குத் தினம் இரண்டு மாத்திரை விழுங்குகிறவள். போன வருஷம் மகளிர் மருத்துவமனையில் கர்ப்பச் சோதனை செய்துகொண்டவள். வழுக்கையில் முடி முளைக்கத் தைலம் தருவித்தவள். வெளிநாட்டில் வெல்டர் வேலைக்கு மூன்று இடத்தில் விண்ணப்பம் போட்டவள். தொழிலாளர் சட்டம் பற்றிய ஒரே புத்தகத்தை நூலகத்திலிருந்து நான்கு முறை எடுத்தவள். இப்படி ஒருத்தி நிஜமாகவே இருந்தால் ஊரே வரிசையில் நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போகும். ஆனால் அப்படி ஒருத்தி கிடையாது. இருந்தவள் நம்பர்க்காதான்.

நம்பர்க்கா அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாகத் தினக்கூலி. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை அது. காலையில் தள்ளுவண்டியில் மூட்டைகள் வந்து குவியும். வார்டுக்கு ஒரு நிறத்தில் நாடா கட்டியிருக்கும். நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ இருக்காது. ரத்தம் பட்ட விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் தனியாக ஊறவைக்க வேண்டும், சுடுதண்ணீரில் போட்டால் கறை ஜென்மத்துக்கும் போகாது. மருந்துக் கறைக்கு ஒரு பொடி, சீழுக்கு ஒரு கரைசல். பிறகு இயந்திரம், ஆவிப் பெட்டி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிப்பது. மூக்கில் ஏறும் வெளுப்புக் கரைசலின் நெடி வீட்டுக்கு வந்தபின்னும் தலைமுடியில் இருக்கும்.

எது பிரசவம், எது காயம், எது சாகப் போகிற உடம்பு என்று கறையைப் பார்த்ததும் அவளால் சொல்லிவிட முடியும். சொல்ல மாட்டாள். கறையைப் பார்க்கலாம், ஆளைத் தேடக் கூடாது என்பது அந்த அறையில் யாரும் எழுதி மாட்டாத சட்டம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஒருநாள் ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்து, இது எந்த மகராசியோடது என்று சிரித்தாள். மற்ற நாலு பேரும் அன்று முழுக்க அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை.

இந்த நாகரிகம் சலவைக்காரிகளுக்குத் தெரிந்திருந்தது. மேலே ஆட்சி செய்கிறவர்களுக்குத் தெரியாமல் போனதுதான் கதை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விதி வந்தது. எந்த ஜன்னலில் போய் நின்றாலும் கைபேசி எண் சொல்ல வேண்டும். மாத்திரை வாங்கினால் எண், பல்லைப் பிடுங்கினால் எண், புத்தகம் எடுத்தால் எண், பஸ் பாஸுக்கு எண். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, மக்களின் பாதுகாப்புக்கு என்று பதில் வந்தது. சொத்தைப் பல்லிடமிருந்து யாரைப் பாதுகாக்கப் போகிறார்கள் என்று யாரும் விளக்கவில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இந்த எண்களையெல்லாம் கோத்து, ஆளுக்கு ஒரு கோப்பு போடுகிறார்கள் என்று மட்டும் பேச்சு இருந்தது.

நம்பர்க்கா குடியிருந்த கட்டடத்தில் நாலு மாடி, பதினாறு வீடு. அவளிடம் இருந்தது பழைய பொத்தான் போன். அடித்தால் மொட்டைமாடி வரை கேட்கும், எப்போது அடித்தாலும் எடுப்பாள். முதலில் வந்தவன் மூன்றாம் மாடி பஸ் டிரைவர். ஒரு விபத்தை நேரில் பார்த்ததிலிருந்து அவனுக்குக் கை நடுக்கம், தூக்கமின்மை. டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார், நடுக்கம் நின்றது, வண்டி ஒழுங்காக ஓடியது. ஆனால் அந்த மாத்திரையின் பெயர் பணிமனைக்குத் தெரிந்தால் அன்றே ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள். "அக்கா, உங்க நம்பரைக் குடுத்துக்கட்டா?" என்று அவன் கேட்டான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. குடுத்துக்கோ என்றாள்.

அடுத்தது தரைத்தளத்தில் தனியாக இருந்த டீச்சர். அதற்கடுத்தது இரண்டாம் மாடி வெல்டர்; வேறு வேலை தேடுவது முதலாளிக்குத் தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும். இப்படியே அந்தக் கட்டடத்தில் அது வழக்கமாகிப் போனது. கொஞ்சம் கூச்சமான காரியமா, நம்பர்க்கா நம்பரைக் கொடு. அவளுடைய சொந்தப் பேரே எல்லாருக்கும் மறந்துவிட்டது. எங்கிருந்தாவது அழைப்பு வந்தால் சரி என்று கேட்டுக்கொள்வாள், படியேறிப் போய்க் கதவைத் தட்டுவாள், "உங்களுக்கு ஒரு கால் வந்துச்சு, வந்துட்டுப் போகச் சொன்னாங்க" என்பாள். எங்கிருந்து என்று சொல்ல மாட்டாள். கேட்டவருக்கு அது தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு மறைவாக நின்ற நம்பர்க்காவுக்கும் ஒரு மறைவு தேவைப்பட்டது. வெளுப்புக் கரைசல் அவள் நெஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. படியேறினால் விசில் சத்தம் வரும். தனியார் டாக்டர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்து, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்தார். சலவைப் பிரிவில் வேலை பார்த்து வந்த நோய் என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால் வைத்தியம் பார்க்க மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள். அதனால் அவள் கொடுத்தது டிரைவரின் நம்பரை. மருந்துக் கடையிலிருந்து அழைப்பு வந்தால் அவன் கீழே இறங்கி வந்து, "அக்கா, ஒரு கால் வந்துச்சு" என்பான். அவனும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் பத்தொன்பது வருஷத்துத் தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. நிரந்தரம் என்றால் சம்பளத்தோடு விடுப்பு, நோய்க்கு வைத்தியம், கடைசிக் காலத்தில் ஓய்வூதியம். நெஞ்சு இன்னும் எத்தனை வருஷம் ஒத்துழைக்கும் என்று தெரியாதவளுக்கு அது சின்ன விஷயமில்லை. நடத்தைச் சரிபார்ப்பு என்று ஒரே ஒரு படிதான் பாக்கி. அன்று சாயங்காலம் அவள் ஆசையாக ஒரு புதுச் செருப்பு வாங்கினாள்.

சரிபார்ப்பு அலுவலகம் பிரதான சாலையில் இரண்டாம் மாடியில் இருந்தது. தண்ணீர் கேனில் தண்ணீர் இல்லை, பிளாஸ்டிக் பூவில் தூசி இருந்தது. உங்கள் ஒத்துழைப்பே உங்கள் பாதுகாப்பு என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அழுக்கே படாத விரல்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தன் பேர் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பதில் அவர் கவனமாக இருந்தார். அவளுடைய நாலு வருஷத்தை அவர் மேஜையில் பரப்பி வைத்திருந்தார்.

அவர் பட்டியலை வாசிக்க வாசிக்க அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அது நின்றுவிட்டது. மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு. சோதனைக்குப் போன நாள், எவ்வளவு நேரம் காத்திருந்தது. எல்லாம் இருந்தது. அந்த டீச்சர் அன்று எப்படிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள் என்பது மட்டும் இல்லை. ஒரு ஆளைப் பற்றி இத்தனை சேர்த்தவர்கள், இது ஒரு ஆளாக இருக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துக்கு அங்கே யாருக்கும் சம்பளம் இல்லை போலிருக்கிறது.

ஆனால் அதிகாரி முழு முட்டாள் இல்லை. இவ்வளவும் ஒருத்தியுடையது அல்ல என்று அவருக்கும் புரிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு பெருமை வேறு. எது எது யாருடையது என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் கோப்பு சுத்தமாகிவிடும், அடுத்த வாரமே உத்தரவு வரும் என்றார். காலியாக இருந்த ஒரு பத்தியில் பேனாவை வைத்துத் தட்டிக் காட்டினார்.

"பயப்படாதீங்கம்மா. மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லை" என்றார்.

வழிப்பறிக்காரனும் அதைத்தான் சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வாரம் தவணை கேட்டு வந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கயிறும் பல்சக்கரமும் தவிர உலகத்தில் வேறு எதுவும் சிக்கலில்லை என்று நினைப்பவர். விஷயத்தைக் கேட்டதும் குதித்தார். பத்தொன்பது வருஷம் பீத்துணி அலசியதற்கு இப்போதுதான் விடிவு வந்திருக்கிறது, ஊரான் மாத்திரைக்காக அதை விடுவாயா என்றார். உள்ளதைச் சொல்வதில் என்ன பாவம், நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது என்றார். அதே மடி, அதே கனம், அதே பழமொழி. கதவு திறந்திருந்ததால் இது படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள். பிறகு அலமாரியின் மேல்தட்டில் பழைய பெட்டிக்குப் பின்னால் இருந்த தைலப் புட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மூணு மாசத்துக்கு ஒருமுறை அதற்கும் அழைப்பு வரும். வாங்கி வைத்ததோடு சரி, இதுவரை அவள் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இதுவும் அந்தப் பட்டியல்ல இருக்கு. யாருதுன்னு எழுதிடட்டுமா? உங்க பட்டறைக்குக் கேட்டு அனுப்புவாங்க."

அவர் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. திருடவில்லை, கொலை செய்யவில்லை, வெறும் நாலு முடிக்கு ஆசைப்பட்டார், அவ்வளவுதான். ஆனாலும் பட்டறையில் இருக்கும் ஆறு பேர் வாயில் அது விழுந்தால் செத்துவிடலாம் போல் இருக்கும். புட்டியை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பழமொழி ஏதும் சொல்லவில்லை.

மறுநாள் காலை டிரைவர் வந்து வாசலில் நின்றான். சீருடையில், கையில் தொப்பியோடு. படிக்கட்டில் கேட்டதை வைத்து ராத்திரியெல்லாம் கூட்டிக் கழித்திருப்பான், கண் சிவந்திருந்தது. "அக்கா, என்னுதைச் சொல்லிடுங்க. உங்க வேலை முக்கியம்" என்றான்.

"எது உன்னுது? எனக்கு ஒண்ணும் தெரியாது. போய் வண்டியை எடு தம்பி, நேரமாச்சு."

வெல்டரும் வந்து போனான். அவள் வீட்டில் ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலை எடுத்துப் போய்ச் சரிசெய்து கொண்டுவந்து வைத்தான். டீச்சர் மட்டும் வரவில்லை. நம்பர்க்கா தரைத்தளத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த காலடிச் சத்தம் நின்றது. ஜன்னல் திரை விலகவில்லை. நம்பர்க்காவுக்குக் கோபம் வரத்தான் செய்தது. காப்பாற்று என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன, வாய் புண்ணாகிவிடுமா? பிறகு தானே சொல்லிக்கொண்டாள்: கல்யாணமாகாத டீச்சர் அந்தச் சோதனைக்குப் போனது தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் எப்படித் துரத்துவார்கள் என்பது டீச்சருக்கே தெரியும், பயந்த உயிர் கதவைச் சாத்திக்கொள்ளும்.

யோசித்துப் பார்த்ததில் இன்னொன்றும் புரிந்தது. அந்தப் பட்டியலில் எல்லாரும் இருந்தார்கள், அவள்தான் இல்லை. அவளுடைய நெஞ்சு டிரைவரின் கோப்பில் இருந்தது. அவனைக் காட்டிக்கொடுத்தால் அவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அப்போது அந்த மருந்தும் வெளியே வரும். அதனால் தன்னை யாரும் தியாகி என்று சொல்ல வேண்டாம் என்பாள் பிற்பாடு. பாதி பயம், பாதி ரோஷம், அவ்வளவுதான். ஆனால் டிரைவரின் கோப்பில் அவளுடைய மருந்தே இல்லாமல் இருந்திருந்தாலும் அவள் அந்தப் பத்தியில் ஓர் எழுத்து எழுதியிருக்க மாட்டாள். அவளுக்கு எதிரே நின்று விரிப்பு மடித்தவர்களுக்கு அது தெரியும்.

ஒரு வாரம் கழித்து அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். அதிகாரி பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அவள் தொடவில்லை.

"எல்லாம் என்னுதுதான் சார்."

அதிகாரி பட்டியலை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். வெல்டர் வேலையா என்றார். சின்ன வயசிலிருந்தே ஆசை என்றாள். தொழிலாளர் சட்டம் எதற்கு நாலு தடவை என்றார். தடிப் புத்தகம், மூணு தடவையில் முடியவில்லை என்றாள். தைலம்? அவள் தன் பின்னலை எடுத்து முன்னால் போட்டு, "நல்லா வேலை செய்யுது சார், வேணும்னா நம்பர் தரேன்" என்றாள். அவருக்கு முன்நெற்றி கொஞ்சம் ஏறத் தொடங்கியிருந்தது. அவர் முகம் சிவந்தது.

கடைசியாக விரலை அந்தச் சோதனையின் மேல் வைத்தார். "ஐம்பத்தோரு வயசுல கர்ப்பச் சோதனையா?"

"ஆசைக்கு வயசு உண்டா சார்?"

அறையின் மூலையில் இருந்த ஒரு குமாஸ்தா இருமுவதுபோல் சிரித்தான். அதிகாரி அதற்குமேல் மரியாதையை வைத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்றார். நிரந்தரம் போய்விடும், நன்றாக யோசித்துக்கொள் என்றார். அவர் கையில் நாலு வருஷத் தகவல் இருந்தது, அதில் ஒரு வரியைக்கூட அவரால் ஒரு மனிதரோடு ஒட்டவைக்க முடியவில்லை. இத்தனை இயந்திரம், இத்தனை ஜன்னல், இத்தனை எண். கடைசியில் ஒரு சலவைக்காரியின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அவர்மேல் வந்தது பயமில்லை, அருவருப்பு. எந்த மகராசியோடது என்று விரிப்பைத் தூக்கிப் பிடித்தவளாவது ஒரு நாளில் வெட்கப்பட்டாள். இந்த மனிதர் படித்து, தேர்வு எழுதி, அதையே உத்தியோகமாகப் பார்க்கிறார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. மனநிலை காரணமாக நிரந்தரத்துக்குத் தகுதியில்லை, தினக்கூலியாகத் தொடரலாம் என்று இருந்தது. நிரந்தரமாகப் பீத்துணி அலசத்தான் நல்ல மனநிலை வேண்டும், தினக்கூலிக்கு அலச எந்த மனநிலையும் போதும் என்பது அவர்கள் முடிவு. அதோடு மாதம் ஒருமுறை மன அமைதி வகுப்புக்குப் போக வேண்டும். டிரைவரின் பதற்றத்துக்காக அவள் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுங்கள் என்றார்கள். இழுத்தாள், இருமல் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் விடவில்லை. ஒத்துழைக்கவில்லை என்று அவள் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டார்கள்.

இருமலுக்குக் காரணம் இருந்தது. உறிஞ்சும் மருந்து தீர்ந்து ஒரு மாசம் ஆகிவிட்டது. இனி டிரைவரின் நம்பரைக் கொடுக்க முடியாது. அவனையும் எப்போது கூப்பிடுவார்களோ. அவள் நம்பரைக் கொடுத்தால் இருக்கிற தினக்கூலியும் போகும். மடிக்கும்போது நடுவில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். எதிரே நிற்பவள் விரிப்பின் தன் பக்கத்து நுனியைப் பிடித்தபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு காத்திருப்பாள்.

ஒரு சனிக்கிழமை முடியாமல் போய் மருந்துக் கடைக்கு வந்து வரிசையில் நின்றாள். எண் இல்லாமல் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன் சீட்டை வாங்கிப் பார்த்தான், அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தான், விசைப்பலகை மேல் கையை வைத்தான்.

"நம்பர் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். விசில் சத்தம்தான் வந்தது. எல்லாருக்கும் நாலு வருஷமாக எண் கொடுத்தவளுக்குச் சொல்ல ஓர் எண் இல்லை. சீட்டைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் ஓர் எண்ணைச் சொன்னது. அவசரமில்லாமல், பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு இலக்கமாக. திரும்பிப் பார்த்தால் டீச்சர். கையில் பை, முகம் வெளுத்திருந்தது. இதுவரை எந்த ஜன்னலிலும் தன் எண்ணைச் சொல்லாதவள்.

கடைக்காரன் நிமிர்ந்து, மருந்து யாருக்கு என்று கேட்டான். "எனக்குத்தான்" என்றாள் டீச்சர்.

இருவரும் சேர்ந்துதான் வீடு வரைக்கும் நடந்தார்கள். நம்பர்க்கா நடுவில் இரண்டு முறை நின்றாள், டீச்சரும் நின்றாள். அது என்ன மருந்து என்று டீச்சர் கேட்கவில்லை. தரைத்தளத்தில் தன் கதவைத் திறந்துகொண்டே, "கால் வந்தா மேல வந்து சொல்றேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.